சமத்துவத்தின் பெயரால் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் சமத்துவத்துக்கு எதிராக வாதாட எழுகிறவர்கள், கர்ட் வானகட்டின் 'ஹாரிசன் பெர்ஜரான்' சிறுகதையைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. 1961இல் வெளிவந்த இந்தக் கதை அவர்களுக்கான சாட்சி அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

கதை 2081இல் நடக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 211, 212, 213ஆவது திருத்தங்கள் எல்லோரையும் சமமாக்கிவிட்டன. அறிவாளியான ஜார்ஜின் காதில் ஒரு வானொலி. யோசனை தொடர்ந்து ஓடாதபடி அடிக்கடி இரைச்சலைப் பாய்ச்சும். கழுத்தில் 47 பவுண்டு ஈயக்குண்டுப் பை. ஒரு குண்டை வெளியே எடுத்தாலும் இரண்டாண்டுச் சிறை, 2,000 டாலர் அபராதம். நடனப் பெண்களுக்கு உடலில் எடை, முகத்தில் முகமூடி.

சுதந்திரத்தைச் சமத்துவம் விழுங்கிவிட்டது என்று இங்கேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜார்ஜின் மனைவி ஹேசலை யாரும் கவனிப்பதில்லை. சராசரி அறிவுள்ள அவளுக்குச் சுமை எதுவும் இல்லை. ஆனால் கணவனிடம் பறித்ததில் ஒரு துளிகூட அவளுக்கு வந்து சேரவில்லை. சிறையிலிருந்து தப்பிய 14 வயது மகன் ஹாரிசன் தொலைக்காட்சியில் சுட்டுக் கொல்லப்படுவதைப் பார்த்து அழுகிறாள். எதற்காக அழுதோம் என்பதே சற்று நேரத்தில் அவளுக்கு மறந்துபோகிறது. சுட்டவர், இந்தச் சமத்துவத்தைக் காக்கும் தலைமை அதிகாரி டயானா மூன் கிளாம்பர்ஸ். அவர் எந்தச் சுமையையும் சுமந்ததாகக் கதையில் இல்லை. அவரிடம் இருப்பது குறி தப்பாத இரட்டைக்குழல் துப்பாக்கி. ஆணையிடுகிறவர் ஒருவர், அடங்குகிறவர்கள் மற்றவர்கள் என்றான பிறகு அங்கே சமத்துவம் ஏது?

ஹாரிசன் மட்டும் விடுதலை வீரனா? சுமைகளைப் பிய்த்தெறியும் முன்பே தன்னைப் பேரரசன் என்று அறிவித்து, எல்லோரும் தன் சொல்படி நடக்க வேண்டும் என்கிறான் அவன். கதையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கதை நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்பட்டது. கால் நோயால் நெடுந்தூரம் நடக்க முடியாத கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின், போட்டியில் வண்டியில் செல்ல அனுமதி கேட்டார். 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா, இந்தக் கதையை நினைவூட்டித் தன் கருத்தை முடித்தார். படிக்க வேதனையாக இருக்கிறது. மார்ட்டினின் வண்டி அவரைக் களத்துக்குக் கொண்டுவந்தது. வேறு யார் கழுத்திலும் அது எதையும் கட்டவில்லை.

2005இல் கான்சாஸ் மாநிலப் பள்ளி நிதி வழக்கில், வசதியான பகுதி மாணவர்களுக்காக வாதாடியவர்களும் இதே கதையைத் துணைக்கு அழைத்தார்கள். அப்போது வானகட் உயிரோடு இருந்தார். தன் கதை அறிவையும் திறமையையும் பற்றியது, செல்வம் அவ்விரண்டில் எதற்கும் அத்தாட்சி அல்ல என்று அவரே மறுத்தார்.