ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் எம்.ஓ.எச். அலுவலகப் படி ஏறட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் எடுத்து வாசியுங்கள்.

சென்ற மாரி வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் பாடசாலைக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகப் பேசினார்கள். எத்தனை நாள் வெள்ளம் நின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். போன பிறகு தரம் 10 மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், இதையெல்லாம் யாருக்கிட்ட குடுப்பாங்க?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஊர் பி.எச்.ஐ.யிடம் விசாரித்தோம். அப்படி ஒரு குழு வந்ததே அவருக்குத் தெரியாது.

இது எங்களுக்குப் புதிதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, இந்தக் கரையோரப் பாடசாலைகள் முகாம்களாக இருந்த நாட்களில், வினாக்கொத்தோடு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த உம்மா ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று குழுக்களுக்கு அதே கதையைச் சொன்னதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். சின்னப் பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து அலையைக் கீறச் சொன்னார்கள். இத்தாவில் இருந்த பெண்களைத் தேடி முன்பின் தெரியாத ஆண்கள் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார்கள். ஊர் மருத்துவமாதுவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், இவரிடம் இப்போது கேட்காதீர்கள், அவரிடம் நான் கேட்டுத் தருகிறேன் என்று அவரே சொல்லியிருப்பார்.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் 13 முகாம்களில் இருந்த 859 குடும்பங்களிடம் விசாரித்து எழுதிய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. அந்தக் குடும்பங்களின் பெண்களில் 17.5 சதவீதம், ஆண்களில் 8.2 சதவீதம் மௌத்தாகியிருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களின் இறப்பு வெளியில் நின்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். எங்கள் உம்மாமாரும் பிள்ளைகளும் வீட்டுக்குள் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த இலக்கங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுனாமி ஒத்திகை நடக்கும்போது பெண்களை எப்படி முதலில் வெளியேற்றுவது என்று யாராவது பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

கிணறுகளும் அப்படித்தான். உப்புப் போகட்டும் என்று மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தோம். எங்கள் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட வாளியோடு வாசலுக்கு வருபவர் பி.எச்.ஐ. அவர் கையில் இருக்க வேண்டிய விஷயம் அது.

1926இல் களுத்துறையில் தொடங்கிய இந்தச் சுகாதாரப் பிரிவு முறைதான் இன்று நாடு முழுக்க வீட்டுப் படலை வரை வருகிறது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி என்று மருத்துவமாதுவின் பதிவேட்டில் இருக்கும். அனர்த்தத்துக்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று தெரியாமல், பின்னால் என்ன மாறியது என்று எப்படிச் சொல்வது? இன்னொரு சங்கதி: நாட்டில் மாவட்டங்கள் 25, சுகாதாரப் பிராந்தியங்கள் 26. கூடுதலாக நிற்பது எங்கள் கல்முனைதான். இது தெரியாமல் அம்பாறைப் பிராந்தியத் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர், கரையோரத்தை விட்டுவிட்டு மாவட்டத்தைப் பற்றி எழுதுவார்.

வெள்ளத்தோடு டெங்கும் எலிக்காய்ச்சலும் வரும் நேரத்தில் ஆளணிப் பற்றாக்குறையோடு ஓடித்திரியும் உத்தியோகத்தர்கள் தலையில் இதையும் கட்டுவதா என்று சிலர் கேட்பீர்கள். நியாயம். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அவர்களின் போக்குவரத்துக்கும் மேலதிக நேரத்துக்கும் சேர்த்து ஒதுக்கட்டும். அதோடு, வெள்ளம் வருவதற்கு முன்பே என்ன கேட்பது, யார் கேட்பது, முடிவை யாரிடம் கொடுப்பது என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசி வைக்கலாம். அலுவலகத்துக்குச் சங்கடமான முடிவுகளை அலுவலகமே அமுக்கிவிடும் என்ற பயமும் எங்களுக்கு இல்லாமல் இல்லை. அதனால்தான் முடிவின் பிரதி ஒன்று தமிழில் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பாடசாலைக்கும் வர வேண்டும் என்கிறோம்.

அதிபர்மாரிடமும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த குழு வந்தால், தேநீர் கொடுங்கள், ஆனால் கதவைத் திறக்க முன் "எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போனீர்களா?" என்று கேளுங்கள். அடுத்த மாரிக்கு முன் இது பற்றிப் பேச அந்த அலுவலகத்தில் நேரம் கேட்டிருக்கிறோம். எங்களோடு வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், திகதி கிடைத்ததும் இன்ஷா அல்லாஹ் அறிவிக்கிறோம்.