சொந்த ஊர்: கட்டம் போதாது!

விண்ணப்பப் படிவங்களில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அரை அங்குலத்துக்கு மேல் இடம் விட மாட்டார்கள். அம்ரிதா ஷேர்-கில்லிடம் அந்தப் படிவத்தை நீட்டியிருந்தால், 'எக்ஸ்ட்ரா ஷீட் இருக்கா?' என்று கேட்டிருப்பார்.

அப்பா உம்ராவ் சிங், பஞ்சாப் பிரபு வம்சத்துச் சீக்கியர். சம்ஸ்கிருதம், பாரசீகம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். போட்டோ எடுக்கிற பைத்தியம் வேறு. அம்மா ஹங்கேரிக்காரர், ஆபரா பாடகி. பெண் பிறந்தது 1913-ல், புடாபெஸ்ட்டில். 8 வயசில் சிம்லா. 11 வயசில் கொஞ்ச நாள் இத்தாலி. மறுபடி சிம்லா. 16 வயசில் பாரீஸ். பெட்டி கட்டியே பாதி வாழ்க்கை போயிருக்கும் போலிருக்கிறது!

நடுவில் ஒரு தாய்மாமன் வருகிறார். எர்வின் பாக்தாய் என்று பெயர். இந்தியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஹங்கேரியர், படமும் வரைவார். நம்மூர்த் தாய்மாமன் என்றால் காது குத்துக்குத் தோடு கொண்டுவருவார். இவர் கொடுத்த சீர் ஒரு யோசனை: "மனசில் தோன்றியதை வரைவது இருக்கட்டும், வீட்டில் வேலை செய்கிறவர்களை உட்கார வைத்து வரை" என்ற மாதிரி. சிம்லாவின் ஏழை முகங்களை அந்தப் பெண் உற்றுப் பார்க்க ஆரம்பித்தது ஒரு ஹங்கேரி மாமா சொல்லித்தான். வேடிக்கையாக இல்லை?

பாரீஸில் பெரிய கலைக் கல்லூரியில் படிப்பு. 19 வயசில் வரைந்த 'இளம் பெண்கள்' என்ற படத்துக்கு 1933-ல் கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம். வேறு யாராவது என்றால் அங்கேயே வீடு பிடித்து, பதக்கத்தை ஹாலில் மாட்டி, செட்டில் ஆகியிருப்பார்கள். இவருக்கோ கிழக்கே போகணும் என்று ஒரே தவிப்பு. உன் வர்ணங்களுக்கு இந்த ஊர்ச் சாம்பல் வெளிச்சம் ஒத்துவராது என்று வாத்தியாரும் சொல்லியிருந்தார்.

ஆனால் வீட்டில்? 'வராதே' என்கிற தினுசில் அப்பாவே எழுதினார்! பெண் பாரீஸில் நடந்துகொள்கிற விதம் தெரிந்தால் இங்கே குடும்பப் பேர் கெட்டுப்போகுமே என்று அவருக்குக் கவலை. உனக்கு இந்தியா மேல் உண்மையான அக்கறை இருக்கிறதா என்றும் சந்தேகம்.

1934 செப்டம்பரில் அவர் எழுதிய பதில், கலை பற்றிப் பேசுகிற எந்தப் பொதுக்கூட்டத்தையும்விட எனக்கு முக்கியம். இத்தனை வருஷம் ஐரோப்பாவில் இருந்ததால்தான் இந்தியாவைக் கண்டுபிடித்தேன் என்கிறார். நவீன ஓவியத்தைப் படித்த பிறகுதான் நம் சிற்பமும் சித்திரமும் புரிந்தன. அஜந்தாவின் ஒரு சுவரோவியம் ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம் மொத்தத்தையும்விட மேல் என்று ஒரு போடு. (இது கொஞ்சம் அதிகப்படி. 21 வயசில் யார்தான் அளவாகப் பேசுகிறார்கள்?) இத்தனைக்கும் அதற்குள் அவர் அஜந்தாவைப் போய்ப் பார்த்திருக்கவில்லை!

பிடிவாதம் ஜெயித்தது. அந்த வருஷக் கடைசியிலேயே கப்பலேறிவிட்டார்.

அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டுத் தெற்கே வந்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் ராமாயணச் சித்திரங்கள் இருக்கின்றன. டூரிஸ்ட்டுகள் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு இளநீர் குடிக்கப் போகிற இடம். அம்மணி அங்கே நாள் கணக்கில் உட்கார்ந்து பிரதி எடுத்தார். குமரிமுனை வரை போனார். ஊர் திரும்பி 1937-ல் வரைந்தவைதான் 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' மூன்றும். ஐந்து பையன்கள் வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் பிரம்மச்சாரிகள். ஆனால் அந்த வெள்ளை வேட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அஜந்தா தெரிகிறது. டஹீட்டித் தீவுக்குப் போய் வரைந்த பிரெஞ்சுக்காரர் கோகேன், அவரும் தெரிகிறார். எது எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டச் சொன்னால், ம்ஹூம்... சாம்பாரில் பெருங்காயத்தைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சரி, விற்றதா? பி.காம். படித்தவன், கணக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் சாலார் ஜங் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மகாராஜா, இவருடையதை விட்டுவிட்டு ரவிவர்மாவைத் தேர்ந்தெடுத்தார். சிம்லாவில் ஒரு கலைச் சங்கம் சில படங்களை நிராகரித்து, ஒன்றுக்கு மட்டும் பரிசு கொடுத்தது. இவர் பரிசையே திருப்பி அனுப்பினார்! கையில் காசில்லாதபோது அப்படிச் செய்ய நெஞ்சழுத்தம் வேண்டும் ஸார்.

அதே 1937-ல் வரைந்த 'கதை சொல்லி' 2023 செப்டம்பரில் ஏலத்துக்கு வந்தது. விலை 61 கோடியே 80 லட்சம் ரூபாய். அன்றைய தேதிக்கு இந்திய ஓவியம் எதுவும் ஏலத்தில் அந்த விலை போனதில்லை. இன்று அவர் படங்கள் சட்டப்படி தேசியச் சொத்து. வெளிநாட்டுக்கு விற்க முடியாது. வராதே என்று கடிதம் வாங்கியவரின் படங்களைப் போகாதே என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

1941-ல் லாகூருக்குக் குடிபோனார். டிசம்பரில் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, 5-ஆம் தேதி, இறந்துபோனார். வயது 28. வீட்டிலிருந்து தெரிகிற கட்டடங்களும், கீழே நாலு எருமை மாடுகளுமாக ஒரு படம் பாதியில் நின்றிருந்தது.