கிராஞ்சியில் நடப்பவர்கள்: ஒருநாள் கூட்டமா, நிலைக்கும் குழுவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராஞ்சி எம்ஆர்டி நிலைய வாசலில் சற்று நேரம் நின்றால் இரண்டு வகைத் தமிழர்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம், அருகிலுள்ள தங்குவிடுதிகளிலிருந்து வந்து தேக்காவுக்கு ரயிலேறும் ஊழியர்கள். மறுபக்கம், ஈசூனிலிருந்தும் செங்காங்கிலிருந்தும் வந்து இறங்கி, ஒரே நிற டி-சட்டையில் தலை எண்ணிக்கொண்டிருக்கும் நெடுநடைக் குழுவினர். நாற்பது பேர் வருவதாகச் சொன்ன இடத்தில் பதினைந்து பேர் வந்து நின்றால் ஏற்பாட்டாளருக்கு அது நல்ல நாள். "அண்ணே, பிள்ளைக்குத் துணைப்பாடம், அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது குழு பாதித் தூரம் நடந்திருக்கும்.

இது ஒரு குழுவின் கதையல்ல. சமூக மன்றங்களைச் சார்ந்தும், கோயில் நண்பர்கள், அலுவலக நண்பர்கள், ஒரே புளோக்கில் வசிப்பவர்கள் என்றும் கடந்த சில ஆண்டுகளில் நெடுநடைக் குழுக்கள் பெருகியுள்ளன. தொடங்குவது எளிது. கட்டணமில்லை, கருவியில்லை, ஒரு வாட்ஸ்அப் குழு போதும். இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதுதான் கடினம்.

கொவிட்-19 காலத்தில்தான் பலருக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள், வெளியே போகலாம் என்றதும் காட்டுப் பாதைகளைத் தேடிப் போனார்கள். வெளிநாட்டுப் பயணம் இல்லை. கடைத்தொகுதிக்குள் போக அச்சம். அப்போது ஒன்றாகக் கூடும் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. முதலில் ஐந்து பேர். 2020 டிசம்பர் 28 முதல் எட்டுப் பேர். அன்று தொல்லையாகத் தெரிந்த அந்த வரம்பு குழுக்களுக்கு ஒரு நன்மையும் செய்தது. எட்டுப் பேர் நடந்தால் எல்லாரும் எல்லாரிடமும் பேசியாக வேண்டும். ஒருவர் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். 2022 ஏப்ரலில் வரம்புகள் நீங்கி அறுபது எண்பது பேராகக் குழுக்கள் விரிந்தபோது, யார் வந்தார், யார் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாமல் போனது. தன்னை யாரும் தேடவில்லை என்று உணர்பவர் மூன்றாம் முறை வருவதில்லை.

இன்னொரு காரணம் நாட்டின் அளவு. புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர். அதுவே இங்கு மிக உயர்ந்த இடம். மெக்ரிச்சி, தெற்கு ரிட்ஜஸ், புக்கிட் தீமா, சுங்கை பூலோ, பசுமை ரயில் பாதை என்று வாரம் ஒன்றாகப் போனால் ஓர் ஆண்டுக்குள் 'புதிய இடம்' தீர்ந்துவிடும். பிறகு ஜோகூரின் குனுங் லேடாங், அதன்பின் சாபாவின் கினபாலு என்று உடல்திடம் உள்ளவர்கள் மலையேறப் போய்விடுவார்கள். மூட்டுவலிக்காரர்களும் தள்ளுவண்டியோடு வந்த இளம் தாய்மார்களும் பின்தங்குவார்கள். குழு இரண்டாக உடையும், இரண்டும் மெலியும். புதுமையை மட்டும் காட்டி ஆள் சேர்க்கும் குழு இந்தச் சிறிய தீவில் நெடுநாள் ஓட முடியாது.

அப்படியானால் நீடித்தவர்கள் எப்படி நீடித்தார்கள்? பதில் கிராஞ்சியிலேயே இருக்கிறது.

இயற்கைச் சங்கம் (சிங்கப்பூர்) என்று இன்று அழைக்கப்படும் அமைப்பு, 1954ல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையாகத் தொடங்கியது. 1991ல் தனி அமைப்பானது. உறுப்பினர்கள் விடுமுறை நாளில் சேர்ந்து நடப்பவர்கள்தான். ஆனால் அவர்கள் நடந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப நடந்தார்கள், பார்த்ததை எழுதி வைத்தார்கள். 1986ல் அதன் பறவை ஆர்வலர்கள் கிராஞ்சியை அடுத்த சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் திரளாக வந்து இறங்குவதைக் கண்டு, அந்த இடத்தைக் காக்கும்படி அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டார்கள். 1989ல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது, 1993 டிசம்பரில் திறக்கப்பட்டது, 2002ல் 130 ஹெக்டர் பரப்புள்ள இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இன்று குடும்பத்தோடு போய் முதலையைத் தேடிப் படம் எடுக்கும் இடம், சில நடையர்களின் குறிப்பேட்டில் தொடங்கியது.

ரயில் பாதையின் கதையும் அதுவே. 1903ல் போடப்பட்ட சிங்கப்பூர் - கிராஞ்சி ரயில்பாதை, பின்னாளில் மலாயா ரயில்வேயின் பகுதியாகி, தமிழர்கள் பலருக்குச் சோறு போட்ட பாதை. 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பியது. அந்த நிலம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடக்கூடும் என்று முந்தைய ஆண்டே உணர்ந்த இயற்கைச் சங்கம், முழுப் பாதையையும் ஒரே பசுமை வழியாக விட்டுவைக்கலாம் என 2010ல் முன்மொழிந்தது. இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைதான் நெடுநடைக் குழுக்களுக்கு முதலும் முடிவும்.

கிராஞ்சி அணைக்கு அருகிலுள்ள சேற்றுநிலத்தில் சங்கத்தினர் செய்துவந்த வேலை இன்னும் சுவையானது. அங்கே குதிரைலாட நண்டுகள் உண்டு. கைவிடப்பட்ட மீன்வலைகளில் அவை சிக்கிச் சாகும். முழங்கால் சேற்றில் இறங்கி, வலையை அறுத்து, நண்டை விடுவித்து, அதன் ஓட்டை அளந்து, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு திரும்ப விடுவதுதான் தொண்டூழியர்களின் வேலை. இதில் வேகமாக நடப்பவர், மெதுவாக நடப்பவர் என்ற பேச்சே இல்லை. பத்து வயதுப் பிள்ளை அளவுகோலைப் பிடிக்கும். அறுபது வயது மாமா எண்ணை எழுதுவார். அன்றைய எண் போன முறையைவிடக் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துகொள்ளவே அடுத்த முறையும் போகத் தோன்றும்.

உறுப்பினரைத் தக்கவைப்பது பற்றி எத்தனையோ யோசனைகள் சொல்லப்படுகின்றன: பரிசு, டி-சட்டை, அதிர்ஷ்டக் குலுக்கு, நடை முடிந்ததும் பிராட்டா. பிராட்டாவைக் குறை சொல்வதற்கில்லை. பல குழுக்கள் அதனால்தான் உயிரோடு இருக்கின்றன. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015 முதல் நடத்திவரும் காலடி எண்ணும் இயக்கமும் பலரை வீட்டைவிட்டு வெளியே இழுத்திருக்கிறது. ஆனால் காலடியை வீட்டுக் கீழ்த்தளத்திலேயே எண்ணலாம், பிராட்டாவை எங்கும் தின்னலாம். 'நான் போகாவிட்டால் இந்த வேலை நின்றுவிடும்' என்ற எண்ணம்தான் ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது.

அந்த வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் வந்து யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் ஒருவர். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மழை எச்சரிக்கையைப் பார்ப்பவர் ஒருவர். விடிகாலையில் வீசும் சுமத்திரா சூறைக்காற்று ஏற்பாட்டாளரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதல்முறை வந்தவரோடு முதல் ஒரு கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடப்பவர் ஒருவர். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன. தலைவர் முன்னே நடப்பார், பழைய நண்பர்கள் அவரைச் சுற்றிப் போவார்கள், புதியவர் நடுவில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியே நடப்பார். எல்லா வேலையையும் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொள்ளும் குழுக்களில் அவருக்கு இடமாற்றமோ முதுகுவலியோ வந்தால் குழுவே படுத்துவிடும்.

கூட்டம் பெருத்தால் பலம் என்ற எண்ணமும் ஆபத்தானது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கிராஞ்சியில் அந்த அளவு தீ இல்லை, மலை இல்லை. ஆனால் வெயிலில் மயங்குபவரும் இடியில் வழி தவறுபவரும் இங்கும் உண்டு. யாருக்கு இதயநோய், யாருக்கு நீரிழிவு, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பது எழுத்தில் இல்லாத குழு, நட்புக் கூட்டமாக இருக்கலாமே தவிர, அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கக்கூடாது. பெயர், உறுப்பினர் கட்டணம், வங்கிக் கணக்கு என்று வளரும்போது சங்கங்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சங்கம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவோடு சேர்ந்து நடத்துவது பலருக்கு எளிய வழியாக இருக்கும்.

இவ்வளவும் எந்த நடைக்குழுவுக்கும் பொருந்தும். கிராஞ்சிக்கு இப்போது கூடுதலாக ஓர் அவசரம் இருக்கிறது.

2021 பிப்ரவரியில், பசுமை ரயில் பாதையை ஒட்டிய கிராஞ்சிக் காடு மொட்டையாகக் கிடக்கும் படங்கள் சமூக ஊடகத்தில் பரவின. வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது. உயிரினங்கள் பற்றிய ஆய்வு முடிவதற்கு முன்பே சுமார் 4.5 ஹெக்டர் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டதாக ஜேடிசி கழகம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. தவறு ஜனவரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டு வேலை நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் பொதுமக்களுக்கு அது தெரியவந்தது அந்தப் படங்களால்தான். முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரிந்தவர்களால்தான் எது போய்விட்டது என்றும் சொல்ல முடிந்தது. ஒரே ஒரு முறை தற்படம் எடுத்துவிட்டுப் போனவருக்கு அது இன்னொரு கட்டுமானத் தளமாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது வரும் மாற்றம் அதைவிடப் பெரிது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடியது. அந்த நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் திரும்பும் என்று அறிவிக்கப்பட்டது. அதையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஏறக்குறைய 130 ஹெக்டரில் 14,000 வீடுகள் கொண்ட குடியிருப்பு வட்டாரம் அமையும் என 2024 நவம்பரில் திட்டம் வெளியானது. வீடு வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. பிள்ளைகளுக்கு வீவக வீட்டுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இந்தப் பக்கத்தின் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். ஆனால் கட்டுவதற்கு முன் எந்த மரம், எந்த ஓடை, எந்தப் பறவை என்ற கேள்வி வரும். அப்போது கருத்துக் கேட்பு நடந்தால், பத்து ஆண்டுப் பதிவேட்டோடு வந்து நிற்கும் குழுவின் சொல்லுக்கும், 'பசுமை வேண்டும்' என்று பொதுவாகச் சொல்பவரின் சொல்லுக்கும் ஒரே எடை இருக்காது.

தமிழ்க் குழுக்கள் இதில் இதுவரை பின்தங்கியே இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்வது நல்லது. ஆர்வம் இல்லாமல் அல்ல. நம் குழுக்கள் நடையை உடற்பயிற்சியாகவும் ஒன்றுகூடலாகவும் மட்டுமே பார்க்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் நடத்தும் நாரைக் கணக்கெடுப்பு, பூங்காப் பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றில் பொதுமக்கள் யாரும் சேரலாம், பயிற்சி தருகிறார்கள். ஒரு தமிழ் நெடுநடைக் குழு ஆண்டுக்கு நான்கு முறை கிராஞ்சிச் சதுப்புநிலத்துக்கே வருவது என்று முடிவெடுத்தால், செப்டம்பரில் வரும் வலசைப் பறவைகள் மார்ச்சில் புறப்படுவதை அதன் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். அங்குள்ள பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் வேலையைத் தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் அடுத்த முறை வராமல் இருப்பாரா? பறவை பிடிக்காதவர்களுக்குக் கிராஞ்சிப் போர்க் கல்லறை இருக்கிறது. கல்லறை தெரியாமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய ராணுவத்தினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. அவற்றுள் நம் ஊர்ப் பெயர்களைத் தேடிப் படிப்பதே ஒரு காலை நேரத்துக்குப் போதும்.

மீண்டும் அந்த எம்ஆர்டி வாசலுக்கு வருவோம். இன்றைய கிராஞ்சியில் வசிக்கும் தமிழர் என்றால் பெரும்பாலும் தங்குவிடுதி ஊழியர்கள்தான். கொவிட் காலத்தில் அவர்கள் மற்றவர்களைவிட மிக நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். 2022 ஜூனில்தான் வாரநாள்களில் அனுமதியின்றி வெளியே போகும் நிலை வந்தது. பட்டுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் வயலோரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொக்கையும் உள்ளானையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எந்த நெடுநடைக் குழுவின் பட்டியலிலும் அவர்கள் பெயரைக் காண்பது அரிது. ஞாயிறு அவர்களுக்கு இருக்கும் ஒரே விடுமுறை. பணம் அனுப்பவும் சாமான் வாங்கவும் நண்பரைப் பார்க்கவும் தேக்காவுக்குப் போக வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நடந்து, பசியாறிவிட்டு, அதே நிலையத்தில் ரயிலேற்றி அனுப்புவதில் எந்தக் குழுவுக்கும் செலவு கூடாது. இதுவரை யாரும் அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.