அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பகுதிகள்: தூத்துக்குடி உரிமையாளர் சங்கங்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர், தூத்துக்குடி.

நகல்: மாநகராட்சி ஆணையர், மாவட்டப் பதிவாளர், மேற்பார்வைப் பொறியாளர், மின் பகிர்மான வட்டம், செயற்பொறியாளர், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.

பொருள்: பொதுப் பகுதிகளை ஒப்படைத்தல், பாதுகாத்தல், பராமரித்தல் – உரிய நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவருக்கு வீட்டோடு மனையில் பிரிபடாத பாகமும் சேர்ந்து வருகிறது. மாடிப்படி, மொட்டை மாடி, சம்ப், போர்வெல், லிப்ட், செப்டிக் டேங்க் ஆகியவை எல்லோருக்கும் பொது. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு உரிமையாளர் சங்கத்தைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய ஆவணமும் அரசுத் துறைகளின் துணையும் சங்கத்துக்குக் கிடைப்பதற்காகப் பின்வரும் கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன.

1. பதிவும் ஒப்படைப்பும்

1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் பலவும் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அவை புதிய சட்டத்தின்கீழ் செய்ய வேண்டியவற்றை விளக்கும் உதவி மையம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அமைக்கப்பட வேண்டும்.

வரைபடங்களையும் ஆவணங்களையும் கட்டுநர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. குழாய் செல்லும் வழியைக் காட்டும் வரைபடம் கையில் இல்லாத குடியிருப்பில் கசிவு ஏற்பட்டால், பிளம்பர் டைல்ஸை ஒவ்வொன்றாக உடைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் அமையும் திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் அச்சட்டத்தின் பதிவிலிருந்து விலக்கு உண்டு. இத்தகைய சிறு குடியிருப்புகளின் அனுமதி வரைபட நகலையாவது மாநகராட்சி சங்கங்களுக்குத் தாமதமின்றி வழங்க வேண்டும்.

2. உப்புக் காற்றும் கட்டட உறுதியும்

கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. பால்கனியின் அடிப்பக்கத்தில் முதலில் பழுப்பு நிறக் கோடு தெரியும். பிறகு காரை விழுந்து கம்பி வெளியே தெரியும். கடலோரச் சூழலுக்கு ஆட்படும் கான்கிரீட்டில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை (கவர்) இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நிர்ணய விதி. கட்டட அனுமதி வழங்கும்போதும் நிறைவுச் சான்று வழங்கும்போதும் இவ்விதி கடைப்பிடிக்கப்பட்டதா என்று சோதிக்க வேண்டும். கட்டுமானக் குறைகளுக்குக் கட்டுநர் 5 ஆண்டுகள் பொறுப்பு. அக்காலம் முடிவதற்குள் பொறியாளர் ஆய்வு செய்துகொள்ளச் சங்கங்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

3. மழைவெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடியில் முத்தம்மாள் காலனி, பிரையண்ட் நகர் உள்ளிட்ட பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கியது. தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்தால் மீட்டர் போர்டு, மோட்டார், லிப்டின் குழி மூன்றும் ஒன்றாகப் பாழாகின்றன. சம்ப்பில் கழிவுநீர் கலந்துவிட்டால் மாடியில் இருப்பவர்களுக்கும் குடிநீர் இல்லாமல் போகிறது. ஆகவே, பக்கிள் ஓடையும் அதில் சேரும் வடிகால்களும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன் தூர்வாரப்பட வேண்டும். மீட்டர் போர்டுகளை உயரத்துக்கு மாற்ற விண்ணப்பிக்கும் சங்கங்களிடம் மின்வாரியம் இடமாற்றக் கட்டணம் வசூலிக்கக் கூடாது.

4. பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம்

10 வீடுகளுக்கும் 3 மாடிகளுக்கும் மேற்படாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரக் கட்டணம் 2023இல் யூனிட்டுக்கு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. லிப்ட் இருப்பதாலேயே மற்றச் சிறு குடியிருப்புகள் இச்சலுகையை இழக்கின்றன. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வசிக்கும் வீடுகளில் லிப்ட் ஆடம்பரம் அன்று. 10 வீடுகள் வரை உள்ள எல்லாக் குடியிருப்புகளுக்கும் சலுகையை விரிவுபடுத்த அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

5. வாரியக் குடியிருப்புகள்

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் சங்கம் அமைத்து, குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்களிப்பது 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம். இக்குடியிருப்புகளில் வசிக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது. அதற்காகவே அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. கடலுக்குப் போக முடியாத நாள்களில் மீனவர் நிலையும் அதுவே. மாதத் தவணை தவறியவர்களைப் பாக்கிதாரராகக் கருதாமல், வருமானம் உள்ள மாதங்களில் ஆண்டுத் தொகையைச் செலுத்தும் முறையை இம்மாவட்டத்தில் அனுமதிக்க வேண்டும். அரசின் இணைத் தொகையும் அதனால் குறையக் கூடாது.

6. மறுகட்டுமானம்

பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் இசைவு போதும் என்கிறது 2022ஆம் ஆண்டுச் சட்டம். கப்பலிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் உரிமையாளர்கள் தங்கள் இசைவை எப்படித் தெரிவிப்பது, இசையாதவரின் பங்கு எப்படிப் பாதுகாக்கப்படும் என்பதற்குப் பதிவுத்துறை தமிழில் விளக்கக் குறிப்பு வெளியிட வேண்டும்.

மேற்கண்டவற்றுள் வடிகால், மீட்டர் போர்டு பணிகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிக்கவும், ஏனையவை குறித்துத் துறை அலுவலர்களும் சங்கப் பிரதிநிதிகளும் பங்கேற்கும் கூட்டத்தை மாவட்ட ஆட்சித்தலைவர் தலைமையில் நடத்தவும் சங்கங்கள் கேட்டுக்கொள்கின்றன.

தலைவர் – செயலாளர் – பொருளாளர்