தூரிகை தொடாத விமானம்

எமது வீட்டு அலுமாரியின் மேற்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சாம்பல் நிற விமானமொன்று 40 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தது. அது பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரி விமானம். கற்றலீனா என்னும் பறக்கும் படகின் உருவம். உண்மையான கற்றலீனாவின் இறக்கைகள் முனைக்கு முனை 104 அடி. இதுவோ எழுபத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்தது. ஆகவே இதன் இறக்கை 17 அங்குலத்துக்குச் சற்று மேல்.

1978ஆம் ஆண்டில், வெளிநாட்டுச் சாமான்கள் கொழும்புக் கடைகளில் மீண்டும் தாராளமாகத் தலைகாட்டத் தொடங்கிய காலத்தில், எமது தமையனார் தம் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து இதனை வாங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 17. ஒரு கிழமைக்குள் ஒட்டி முடித்துவிட்டார். வர்ணம் வாங்கப் பணம் மிஞ்சவில்லை. பிறகு வாங்கலாம் என்றார். 1984இல் கனடாவுக்குச் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கேயே காலமானார். 1995இல் வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்த வேளையில், எமது தாயார் உடுபுடைவைகளுக்கு நடுவில் இதனைச் சேலையிற் சுற்றி எடுத்து வந்தார். நகைப் பெட்டியை மறந்துவிட்டு வந்தவர் இதனை மறக்கவில்லை என்று பின்னாளில் நாம் அவரைக் கேலி செய்வதுண்டு.

இத்தகைய பொருளுக்கு வர்ணம் பூசுவது என்றால் யாருக்குத்தான் கை நடுங்காது?

எமக்கு நடுங்கியது. ஆனால் நடுக்கம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. மாரியில், காற்றில் ஈரம் அதிகம் என்றோம். கோடையில், சோளகம் தூசியை வாரி வந்து ஈரப்பூச்சின் மேல் ஒட்டிவிடும் என்றோம். வெளிச்சம் போதாது என்றோம். மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும் என்றோம். நல்ல தூரிகை மூன்று வாங்கி வைத்தோம். வாங்கிய வர்ணப் போத்தல்கள் திறக்கப்படாமலே இறுகிப் போயின, மறுபடியும் வாங்கினோம். பயத்துக்குப் பக்குவம் என்று பெயர் சூட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தோம்.

சென்ற ஆடியில், தமையனாரின் பேரன் விடுமுறைக்கு வந்தான். வயது 13. அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “சின்ன அப்பப்பா, இது அப்பப்பா ஒட்டினதுதானே? ஏன் ஒருவரும் வர்ணம் பூசவில்லை?” என்று கேட்டான். ஈரக் காற்று, சோளகம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டான். “பழுதாகிப் போகும் என்று பயமா?” என்றான். பிள்ளைகளின் கேள்விக்கு இருக்கும் குறைபாடு இதுதான். அது சுற்றி வருவதில்லை.

அன்றிரவு ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு கிழித்தோம். ஒரு புறம், செய்தபின் மாற்றக்கூடியவை. மறுபுறம், மாற்ற முடியாதவை. மாணவ நேயர்கள் பரீட்சைக்கு முன்பும் இதனைச் செய்து பார்க்கலாம். இக்காலத்து நீர் வர்ணமாகிய அக்கிறிலிக், ஈரமாயிருக்கும்போது நனைத்த தூரிகையாலேயே துடைபட்டுவிடும். உலர்ந்த பின்னரும் மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பஞ்சில் தோய்த்துப் பொறுமையாகத் தேய்த்தால், பூச்சு இளகிக் கழன்றுவிடும். அடியிலுள்ள பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லை. ஆக, பிழையான நிறம், கோணிய கோடு, சிந்திய துளி ஆகிய யாவும் முதற்புறத்தில் ஏறின. மறுபுறத்தில் ஏறியவை மூன்றே. நகப்பூச்சை அகற்றப் பெண்கள் பாவிக்கும் அசற்றோன் பட்டால் இவ்வகைப் பிளாஸ்டிக் உருகிவிடும், அதற்குப் பரிகாரமில்லை. கொதிநீரிற் கழுவினால் இறக்கை வளையும். அரத்தாளால் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால், தேய்ந்தது தேய்ந்ததுதான். இத்தனை ஆண்டுகளாக எமக்கிருந்த பயமெல்லாம் முதற்புறத்துப் பொருள்களைப் பற்றியது என்பதைக் கண்டபோது சிறிது வெட்கமாயிருந்தது. மறுபுறத்து மூன்றைப் பற்றி நாம் நினைத்தே பார்த்ததில்லை!

மறுநாள் விமானத்தை நாம் தொடவில்லை. யோகட் கோப்பைகள் ஆறினைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, பேரனும் நாமுமாக அவற்றுக்கு வர்ணம் பூசினோம். முதலாவது கோப்பை சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. போத்தலில் இருந்தபடியே வர்ணத்தை அப்பியதன் விளைவு. நீர் கலந்து, பாலின் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லியதாக ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் இன்னொரு பூச்சு. முதற்பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் பதைத்து மேலும் மேலும் தடவுகிறவர்களே பெரும்பாலும் கெடுத்துக்கொள்கிறார்கள். அரைகுறையாக உலர்ந்த பூச்சின் மேல் தூரிகை பட்டால், அது தோலைப்போல் உரிந்து சுருளும். மூன்றாவது கோப்பையில் நாம் செய்த பாவம் இதுவே. “உலரட்டும், கை வைக்காதே” என்று பேரனுக்கு ஐந்தாறு தடவையாவது சொல்லியிருப்போம். எமக்கு நாமே சொல்லிக்கொண்டது அதற்கு இரட்டிப்பு.

கோப்பைகள் உலரும் இடைவேளையில் அவனுக்கு ஒரு பழங்கதை சொன்னோம். 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, தம் விமானம் எது என்று இனங்காணப் பழக்குவதற்காக, 5 இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி பாடசாலை மாணவர்களைக் கேட்டது. அளவு இதே எழுபத்திரண்டில் ஒரு பங்குதான். மரத்திற் செதுக்கிய அவை அனைத்துக்கும் கறுப்பு வர்ணமே பூசப்பட்டது. வானத்தில் தெரிவது நிழலுருவம் மட்டுமே என்பது காரணம். “அப்படியானால் இதற்கும் கறுப்பே பூசிவிடலாமே” என்றான் பேரன். சோம்பலுக்குச் சரித்திரச் சான்று தேடும் கலை இளவயதிலேயே வந்துவிடுகிறது.

கறுப்பு இதற்குப் பொருந்தாது. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, காலித் திசையிலுள்ள கொக்கல வாவியிலிருந்து எழுந்த ஒரு கற்றலீனா, இலங்கைக்குத் தெற்கே பல நூறு மைல் தொலைவில், ஜப்பானியக் கடற்படை இத்தீவை நோக்கி வருவதைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் லெனாட் பேர்ச்சல் என்ற கனேடியர். கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்தவர். ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்துமுன் அவர்கள் கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தியை அனுப்பிவிட்டார்கள். விமானத்திலிருந்த ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பேர்ச்சல் உட்பட ஆறு பேர் சிறைப்பட்டு, யுத்தம் முடியும்வரை ஜப்பானிலே கிடந்தனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. ஆனால் எதிர்பாராத வேளையில் அன்று. தமையனார் கடையில் இத்தனை பெட்டிகள் இருக்க இந்தப் பெட்டியைத் தேர்ந்தது இக்கதைக்காகவே. ஆகவே நிறமும் அக்காலத்து நிறமாகவே இருத்தல் வேண்டும். அந்நாளில் கடற்கரைக் காவற் பறக்கும் படகுகளின் மேற்புறத்துக்குக் கருஞ்சாம்பலும், பச்சை கலந்த சாம்பலும் அலையலையாகப் பூசுவார்கள். கடலின் மேல் கண்ணுக்குத் தப்புவதற்காக.

மூன்றாம் நாள் விமானத்தை இளஞ்சூட்டு நீரில், சிறிது சவர்க்காரம் சேர்த்துக் கழுவினோம். தூசியும் விரல் எண்ணெயும் இருந்தால் வர்ணம் பிடிக்காது. காற்றிலே உலரவிட்டு, சோளகம் வரும் திசைச் சன்னல்களை மூடி, வெளிறிய சாம்பல் அடிப்பூச்சைத் தூரிகையால் பூசினோம். அடிப்பூச்சுக்கு ஒரு குணமுண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல், பள்ளம் அனைத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அது காட்டிக்கொடுத்தது ஒரு கைரேகையை. இரு இறக்கைகளும் நடுவில் இணையும் இடத்தில், பசை பட்டு இளகிய பிளாஸ்டிக்கின் மேல் பெருவிரல் அழுந்திய அடையாளம். வரிகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. பசை காயுமுன் இறக்கையை அழுத்திப் பிடித்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளாகத் தூசி தட்டிய எமக்கு அது தென்படவேயில்லை.

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் இத்தகைய தழும்பை அரத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். அதுவே முறை. எம்மிடமும் அரத்தாள் இருந்தது. கொப்பியைத் திறந்து மறுபுறத்தைப் பார்த்தோம். மூன்றாவது வரி அங்கே இருந்தது. பேரன் ஒன்றும் பேசவில்லை. தன் பெருவிரலை அந்த அடையாளத்தின்மேல் வைத்துப் பார்த்தான். அரத்தாளை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினோம்.

அதன்பின் வேலை விறுவிறுப்பாக நடந்தது என்றே சொல்லவேண்டும். அலுமாரியில் வைத்தால் எவருக்கும் தெரியாத வயிற்றுப்புறத்திலிருந்து வெளிறிய நிறத்தைத் தொடங்கினோம். மேற்புறத்துக்கு வருவதற்குள் கை பழகிவிட்டது. முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றி, மணிக்கட்டுகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்துக்கொண்டால், நடுங்கும் கைகளும் சேர்ந்து நடுங்குமேயன்றி எதிரெதிராக நடுங்குவதில்லை. நுண்ணிய கோடு இழுக்கும்போது மூச்சை அடக்காமல், மெல்ல வெளியே விட்டபடி இழுக்கவேண்டும். விபத்தும் நேராமலில்லை. கற்றலீனாவின் இரு பக்கங்களிலும் கொப்புளம் போன்ற கண்ணாடிச் சாளரங்கள் உண்டு. அவற்றை ஒட்டுநாடாவால் மூடியிருந்தும், ஒரு துளி கருஞ்சாம்பல் இடப்பக்கத்துச் சாளரத்தில் விழுந்தது. முன்பென்றால் அன்றைக்கே விமானம் அலுமாரிக்குத் திரும்பியிருக்கும். நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரு துடை, துளி போயிற்று. பேரன் எம்மைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவே.

எஞ்சியவை இறக்கைச் சின்னங்கள். பெட்டியோடு வந்த ஒட்டுச் சித்திரங்கள் மஞ்சளித்து, தொட்டதும் நொறுங்கின. கையாலே வரைய வேண்டியதாயிற்று. மேல் இறக்கையில் நீல வட்டம், அதன் நடுவே சிவப்பு. ஜப்பானியரின் சின்னமும் சிவப்பு வட்டம் ஆதலால், மாறாட்டம் நேராதிருக்கப் பின்னர் இப்பகுதி விமானங்களில் அந்தச் சிவப்பை நீக்கிவிட்டனர். 1942 ஏப்ரலில் அது இருந்தது. வலப்பக்கத்துச் சின்னத்தை நாம் வரைந்தோம். இடப்பக்கத்தை யார் வரைவது என்ற கேள்வி எழுந்தபோதுதான், பயம் எம்மைவிட்டு முற்றாகப் போகவில்லை என்பது தெரிந்தது. எம் கையைப் பற்றிய பயம் தீர்ந்திருந்தது. 13 வயதுக் கையைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது. தூரிகையை நீட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

அவன் மூச்சை மெல்ல விட்டபடி வரைந்தான். நீலம் நன்றாகவே வந்தது. சிவப்பு வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு, முட்டை வடிவாயிற்று. தூரிகையை உயர்த்தியவன் முகம் வாடிற்று.

“துடைத்துவிட்டு மறுபடி போடட்டுமா, சின்ன அப்பப்பா?”

உலரட்டும் என்றோம்.