வண்டிக்கு நிழல், வீட்டம்மாவுக்கு வெயிலா?

நம் வீடுகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது.

மோட்டார் சைக்கிள் வாங்கியதும், அதற்கு மேல் ஒரு கூரை போட்டு விடுகிறோம். வெயிலில் நின்றால் சீட்டு வெடித்து விடுமாம்; சாயம் மங்கி விடுமாம். சரி, போடட்டும்.

அதே வீட்டின் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். துவைக்கிற கல் வெட்டவெளியில் கிடக்கிறது. பாத்திரம் துலக்குகிற குழாயடிக்கும் மேலே ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர் யார்? அந்த வீட்டுத் தாய்!

"விடியற்காலையிலேயே வேலையை முடித்துக் கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அவர் கையிலா இருக்கிறது?

கத்திரி வெயில் விளையாட்டல்ல. 2003-ஆம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. புயலைப் போல, வெள்ளத்தைப் போல, வெயிலும் உயிரை வாங்கும் என்பதுதான் அதன் பொருள்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. குழாயடிக்கு மேலே ஒரு துணிப் பந்தல் கட்டினால் போதும்.

துணி கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எட்டு முழ வேட்டி 12 அடி நீளம். அகலம் 4 அடி. பழைய வேட்டிகள் இரண்டை நீளவாட்டில் சேர்த்துத் தையுங்கள். 12 அடிக்கு 8 அடி பந்தல் தயார்! வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். ஒரு கோடைக்கு அது தாங்கும். அதற்கு மேலும் உழைக்க வேண்டுமானால், செடிகளுக்குக் கட்டுகிற நிழல் வலையை வாங்கலாம். பாதி வெயிலைத் தடுப்பது, முக்கால் வெயிலைத் தடுப்பது என்று ரகம் ரகமாக விற்கிறார்கள். முக்கால் ரகம் நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாய் மட்டும் வேண்டாம். அது காற்றை விடாது, அடியில் புழுங்கும்.

கட்டுகிற இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். சித்திரை மாதத்து நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது துணியின் நிழல் அதன் அடியிலேயே விழும். பிற்பகல் மூன்று மணிக்கு என்ன ஆகும்? எட்டு அடி உயரத்தில் கட்டிய துணியின் நிழல் ஏழெட்டு அடி கிழக்கே தள்ளி விழும்! அம்மா வெயிலில், நிழல் பக்கத்து வீட்டுச் சுவரில்!

ஆகவே, பந்தலை மேற்குப் பக்கம் நீட்டிக் கட்டுங்கள். இடம் இல்லையென்றால், மேற்கே ஒரு பழைய புடவையைத் திரை போலத் தொங்க விடுங்கள்.

துணியின் மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால், முதல் காற்றிலேயே கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, கல்லின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றை இறுக்குங்கள். கிழியவே கிழியாது. ஒரு பக்கத்தை மட்டும் ஓரடி தாழ்த்திக் கட்டினால், கோடை மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது.

கயிற்றின் மறுமுனை வேப்ப மரத்திலோ, சுவரில் அடித்த கொக்கியிலோ இருக்கட்டும். மின்சாரக் கம்பத்தில் கட்டவே கூடாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கச் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார். அங்கே பெரிய டின்களில் மண்ணை இறுக்கி, மூங்கில் நட்டுக் கொள்ளலாம்.

பந்தலுக்கு அடியில் அடுப்பு மூட்டாதீர்கள். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து, 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தத் தீ சமையல் கூடத்திலிருந்துதான் கிளம்பியது. துணியும் வலையும் கீற்றைப் போலவே பற்றக் கூடியவை.

வானம் கறுத்துக் காற்று கிளம்பினால், பந்தலை உடனே இறக்கி விடுங்கள். நெருக்கி நெய்த துணி, கப்பல் பாயைப் போலக் காற்றைப் பிடிக்கும். கொக்கியையே பெயர்த்துக் கொண்டு போகும். அதனால், கயிற்றைக் கட்டும்போதே உருவு முடிச்சாகப் போடுங்கள். வீட்டில் அம்மா தனியாக இருந்தாலும், ஒரு இழுப்பில் அவிழ வேண்டும்.