செவிலியர் ஊதியத்தில் சிக்கனம் வேண்டாம்

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட, தொற்றா நோய்களுக்கு வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2024-ல் ஐ.நா. விருது பெற்றது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு செவிலியர்களுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் உரியது. ஆனால், இந்தப் பணியில் இருக்கும் செவிலியர்களில் பலர் இன்னும் தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும்தான் இருக்கிறார்கள். இது அநீதி என்பதோடு, அரசின் கஜானாவுக்கும் நஷ்டம்.

தமிழகத்தில் 2020-ல் தொற்றா நோய்கள் குறித்து நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3% பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8% பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இரண்டுமே ஏறத்தாழ 17 சதவீதத்தை எட்டின. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும், ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்தின் விலை காரணமல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரைகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை விடாமல் சாப்பிட வைப்பதுதான் கடினம். “இப்பதான் தலைசுத்தல் இல்லையே சிஸ்டர், அதான் நிறுத்திட்டேன்” என்பார் ஒருவர். மாத்திரை தீர்ந்துவிடுமே என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார் இன்னொருவர். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போய், வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு முள் குத்திய புண் வலிக்கவே வலிக்காது. காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, விரல் இடுக்குகளைப் பார்த்தால்தான் தெரியும். புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. துணை சுகாதார நிலையச் செவிலியரால் இது முடியும்.

செவிலியரிடம் விட்டால் சிகிச்சையின் தரம் குறையுமா? ஆரம்பநிலை மருத்துவத்தில் மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் கவனித்த 18 ஆய்வுகளை 2018-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. நோயாளிகளின் உடல்நிலை ஏறக்குறைய அதேபோலவோ, சற்று மேலாகவோதான் இருந்தது. அவர்களின் மனநிறைவும் கூடியது. ஆனால், செவிலியர்கள் ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். செலவு மிச்சமானது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிதித் துறை கவனிக்க வேண்டியது இதைத்தான். மருத்துவரைவிடச் செவிலியருக்குச் சம்பளம் குறைவு என்பதில் பெரிய மிச்சம் இல்லை. லாபம் முழுவதும் நேராமல் போகும் பக்கவாதத்திலும், பழுதாகாத சிறுநீரகத்திலும், வெட்டி எடுக்கப்படாத காலிலும்தான் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். அந்தச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வழியாக அரசே ஏற்கிறது. குடும்பமோ பயணச் செலவிலும் இழந்த கூலியிலும் கடனாளியாகிறது.

இந்த லாபம் கைக்கு வர, ஒரே செவிலியர் ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. பலர் அதற்காகப் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தமும் 2022 டிசம்பர் 31-ல் முடித்துக்கொள்ளப்பட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கத்தான் செய்வார். அவர் போனதும் ஊர் நோயாளிகளின் வரலாறும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லோரையும் நிரந்தரமாக்கினால் ஊதியச் சுமையும் ஓய்வூதியச் சுமையும் ஏறும் என்பது அரசின் கவலை. அது உண்மைதான். ஆனால் ஊதியம் ஒரு தலைப்பிலும் டயாலிசிஸ் இன்னொரு தலைப்பிலும் எழுதப்படுவதால், இங்கே மிச்சம் பிடித்தது அங்கே பல மடங்காகக் கரைவது கண்ணில் படுவதில்லை.

எனவே, தொற்றா நோய்ப் பணியில் உள்ள செவிலியர்களைக் கால அட்டவணை அறிவித்துக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மருத்துவரின் எழுத்துபூர்வ வழிகாட்டுதலுக்குள் மாத்திரை அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்குப் பயிற்சியும் சட்டப் பாதுகாப்பும் தேவை. புதிய நோயாளிகளும் சிக்கல் வந்தவர்களும் மருத்துவரிடமே செல்லட்டும். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினோம் என்பதற்குப் பதிலாக, எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் வந்தது என்பதை அரசு ஒன்றியவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான ஒதுக்கீட்டை அறிவிக்க வேண்டும்.